தண்டவாளத்து ஆசை

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பையன்கள் டாக்டராக ஆசைப்பட்டபோது, நான் கரியாஹாட் டிப்போவில் டிராம் ஓட்ட ஆசைப்பட்டேன். காரணம், டிரைவர் காலால் மிதித்து அடிக்கிற அந்த மணி. ‘டங் டங்’ என்றதும் ராஸ்பிஹாரி அவென்யூவே ஒதுங்கி வழிவிடும் என்று நம்பினேன். ஒரு தள்ளுவண்டிகூட ஒதுங்காது என்பது பிறகு தெரிந்தது.

இன்னொரு காரணத்தை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். டிராமுக்கு ஸ்டியரிங் கிடையாது. இடமா வலமா என்ற தொல்லையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். கரியாஹாட் நடைபாதைக் கடையில் இரண்டு தாந்த் சேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விழிக்கிற ஆசாமிக்கு (கடைசியில் வாங்குவது மூன்றாவதை) வேறென்ன வேலை பொருந்தும்?

1902-ல் மின்சாரத்துக்கு மாறிய டிராமை, எஸ்பிளனேடு–மைதானம் பாதை தவிர மற்ற இடங்களில் நிறுத்தப்போவதாக 2024-ல் மாநில அரசு அறிவித்தது. அதற்குள் நானும் கணக்கெழுதி ஓய்வு பெற்றாயிற்று. மாலையில் மேம்பாலத்தடியில் செஸ் ஆடுகிறவர்களோடு உட்காருகிறேன். நேற்று நான் ஒரு குதிரையை நகர்த்துவதற்குள் எதிராளி மண்குவளையில் இரண்டு டீ குடித்து முடித்தார்.

“தாதா, டிராம்கூட இவ்வளவு நேரம் நிற்காது” என்றார்.

ஒருவழியாக என்னை அந்த இலாகாவில் சேர்த்துவிட்டார்கள்.