மூர்க்க நாயனார் எந்தக் கட்டம்? ஒன்பது கட்ட அறப் பகுப்பும் மயிலை அறுபத்துமூவரும்: ஓர் ஆய்வு

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மயிலாப்பூர் மாடவீதிகளில் நாயன்மார் அறுபத்துமூவர் வலம் வரும்போது, நீர்மோருக்கும் புளியோதரைக்கும் கை நீட்டுகிற கூட்டம் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. பல்லக்குகளில் சாந்தமாகப் போகும் அந்தத் திருமேனிகளில் கணிசமானவர்கள் ஆயுதம் எடுத்தவர்கள். ஒருவர் பட்டத்து யானையை வெட்டியவர். ஒருவர் பெற்ற தந்தையின் காலை வெட்டியவர். ஒருவர் அரசியின் மூக்கை அரிந்தவர். ஒருவர் சூதில் தோற்றுவிட்டுக் காசு தர மறுத்தவர்களைச் சுரிகையால் குத்தியவர். இவர்களை எந்த அறக் கணக்கில் எழுதுவது? இந்தக் கேள்வியைத் தூக்கத்தைத் தொலைக்கும் அளவுக்குத் தீவிரமாக எடுத்துக்கொள்ளக்கூடியவர்கள் மடங்களிலும் இல்லை, பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளிலும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து இருபது முகப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர்களே அவர்கள். இதற்கென்றே அவர்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. அது அறுபத்துமூவர் முன் தாக்குப்பிடிக்குமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

அட்டவணையின் வரலாறு சுருக்கமானது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே அணிகள். 1978இன் ஆட்டக்காரர் கையேட்டில் இவற்றின் குறுக்கே நன்மை, நடுநிலை, தீமை என்ற இன்னொரு கோடு ஓடி, ஒன்பது கட்டங்கள் நிலைபெற்றுவிட்டன. ஒழுங்கும் நன்மையும் சந்திக்கும் மூலைக்கு 'லாஃபுல் குட்' என்று பெயர். அந்தக் கையேட்டின்படி, அந்த மூலையை விட்டு நகர அனுமதியில்லாதவர் பாலடின் என்னும் புனிதப் போர்வீரர். அவருக்குக் கவர்ச்சி 17க்குக் குறையக் கூடாது (மூன்று பகடை உருட்டினால் 216 வாய்ப்புகளில் 4 மட்டுமே இதற்கு இடம் தரும்). மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானமாகப் போக வேண்டும். அறிந்தே ஒரு தீச்செயல் செய்தால் பட்டம் அக்கணமே போகும். பிறகு எந்தப் பிராயச்சித்தத்தாலும் திரும்பாது. பத்தில் ஒரு பங்கு என்பதைக் கேட்டால் திருநீடூர் முனையடுவார் சிரித்திருப்பார். தோற்று வந்தவர்களுக்காகக் கூலிக்குப் போரிட்டு, அந்தக் கூலி முழுவதையும் அடியார்களுக்குச் செலவிட்டவர் அவர்.

ஆய்வுக்கு முதல் சான்றாக மூர்க்க நாயனாரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊர் திருவேற்காடு, மயிலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் இன்றைய சென்னைக்காரர் தம்மவர் என்று உரிமை கொண்டாடலாம். தொழில் பகடை. அடியார்களுக்கு அமுதளித்தே சொத்தெல்லாம் கரைந்தபின், எப்போதோ பழகிய சூதைக் கையில் எடுத்தார். உள்ளூரில் அவரோடு ஆட ஆள் கிடைக்காமல் போகவே ஊர் ஊராகப் புறப்பட்டுக் குடந்தைக்குப் போய்ச் சேர்ந்தார். ஆட்டத்துக்கு ஆள் சேராத துயரம் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களுக்கும் தெரிந்ததே. முதல் ஆட்டத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, பிந்திய ஆட்டங்களில் வாரிக்கொள்வது அவர் முறை. வென்ற பணத்தைத் தமக்கென்று தீண்டமாட்டார். அது நேரே சமையற்கட்டுக்குப் போகும். இவரை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது? சூதாடி என்பதால் ஒழுங்குக்கு வெளியே, அன்னதானம் என்பதால் நன்மைக்கு உள்ளே. எனவே 'கேயாட்டிக் குட்' என்பார் ஒருவர். காசு தர மறுத்தவர்களைக் குத்திய சுரிகையை எண்ணிப் பார்த்தால் நன்மை நழுவி நடுநிலை என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வாதமே கூரியது: பந்தயம் என்பது ஒப்பந்தம், ஒப்பந்தத்தை மீறியவரைத் தண்டிப்பது ஒழுங்கைக் காப்பது, ஆகவே மூர்க்கர் ஒழுங்கின் பக்கமே. ஒரே ஆளுக்கு மூன்று கட்டங்கள். மூன்றுக்கும் ஆதாரம் ஒரே புராணம்.

இரண்டாம் சான்று இன்னும் சங்கடமானது. 1978இன் பாலடினுக்கு அறுபது அடி தூரத்திலேயே தீமையை மோப்பம் பிடிக்கும் ஆற்றல் உண்டு. நினைத்த போதெல்லாம் பயன்படுத்தலாம். இந்த ஆற்றலைத் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் கையில் கொடுத்துப் பாருங்கள்: புராணமே நடக்காது. சுவடிக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு சிவவேடத்தில் வந்த முத்தநாதன் வாசலிலேயே பிடிபட்டிருப்பான். மெய்ப்பொருளாரோ திருநீற்றை மட்டும் பார்த்தார், குத்துப்பட்டார், கொன்றவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி மெய்க்காவலன் தத்தனுக்குக் கட்டளையிட்டுவிட்டு, அந்தச் செய்தி வரும்வரை உயிரைப் பிடித்திருந்தார். ஏனாதிநாதரும் அப்படியே. எதிரியின் நெற்றியில் நீறு தெரிந்ததும் வெல்லும் நிலையில் இருந்த வாள்வீரர் எதிர்க்காமல் நின்று மடிந்தார். எதிரியின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்ற தகவல், அட்டவணைக்கு உயிர்நாடி. இவ்விருவருக்கும் அது வேண்டாத தகவல்.

அட்டவணையைக் காப்பாற்ற ஒரு வழி தோன்றலாம். செயல் யாருக்காக என்று மூன்றாவது கோடு ஒன்று வரைந்து ஒன்பதை இருபத்தேழாக்கலாம். பலன்? அடியாருக்காக என்ற பக்கத்தில் மொத்தப் பேரும் தீபாவளிக்கு முந்திய நாள் தி.நகர் ரங்கநாதன் தெருவைப் போல நெருக்கியடித்து நிற்க, எதிர்ப்பக்கம் ஈயாடும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும் பகுப்பு பகுப்பே அன்று. உண்மையில் இந்தப் புராணத்தைப் பாடிய சேக்கிழார் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது குணத்தால் அல்ல, விரதத்தால். இயற்பகையார் அடியார் கேட்டதை இல்லையென்று சொல்லமாட்டார், கேட்டது மனைவியையே ஆனாலும். திருவொற்றியூர்க் கலியர் விளக்கை அணையவிடமாட்டார்; எண்ணெய்க்கு வழியில்லாத நாளில் தம் குருதியை வார்க்கத் துணிந்தார். திருநீலகண்டர் மனைவி இட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டு முதுமைவரை எந்தப் பெண்ணையும் தீண்டவில்லை. நல்லவரா கெட்டவரா என்ற விசாரணைக்கு இங்கே வேலையில்லை. எதை விடமாட்டார் என்று தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆட்டமும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தது. 2008இன் நான்காம் பதிப்பில் பாலடினுக்கு லாஃபுல் குட் கட்டாயம் நீங்கியது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் அவரை வரையறுப்பது அவர் எடுத்துக்கொண்ட சபதம் என்றாயிற்று. குன்றத்தூர்க்காரர் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே உட்கார்ந்திருந்த இடம் அது.

புராணப் புருஷர்களை விளையாட்டு விதியோடு ஒப்பிடுவது அபசாரம் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிப்பவர்கள் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையை நினைத்துக்கொள்ளட்டும்: அது ஒரு பட்டியல், நம்பியாண்டார் நம்பி அதை விரித்தார், சேக்கிழார் மேலும் விரித்தார். பதிப்புக்குப் பதிப்பு பருக்கும் பட்டியல் ஆட்டக்காரர்களுக்கு அந்நியமல்ல. இரண்டாம் ஆட்சேபம் கனமானது. விரதம் ஒன்றே போதும் என்றால் எந்த வன்முறைக்கும் விரதத்தின் பெயரால் அனுமதி கிடைத்துவிடாதா? கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்ததற்காகச் செருத்துணையார் பல்லவ அரசியின் மூக்கை அரிந்தார், எடுத்த கையையே முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்று கணவர் கழற்சிங்கர் அதையும் வெட்டினார். இந்த ஆய்வு அதற்கு வக்காலத்து வாங்காது. வாங்குகிறவர்களோடு ஒரே மேசையில் ஆடவும் செய்யாது. ஆனால் புராணத்துக்குள்ளேயே ஒரு மறுப்பு இருக்கிறது. கருவூரில் அடியாரின் பூக்கூடையைச் சிதறடித்த பட்டத்து யானையையும் உடன் வந்தவர்களையும் எறிபத்தர் வெட்டிச் சாய்க்க, அரசர் புகழ்ச்சோழர் வந்து, குற்றம் தம்முடையது, தம்மையும் கொல்லலாம் என்று வாளை நீட்டினார். இத்தகையவரின் யானையையா கொன்றோம் என்று எறிபத்தர் அந்த வாளைத் தம் கழுத்திலேயே வைத்தார். பாலடின் பட்டம் பறிபோக ரூல்புக் வேண்டும். எறிபத்தருக்கு அந்தத் தீர்ப்பைத் தாமே எழுதத் தெரிந்திருந்தது. பிறகு இறைவன் அருளால் செத்தவரெல்லாம் எழுந்தார்கள் என்பது டன்ஜன் மாஸ்டரின் சலுகை. அந்தச் சலுகை கிடைக்காத உலகில் ஆயுதம் எடுப்பவர்கள் கதையின் அந்தப் பாதியை நம்பி இறங்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு 1978இன் விதிகளை ஒரு பிசிறில்லாமல் நிறைவேற்றக்கூடிய நாயனார் ஒருவர் மிஞ்சுகிறார், அதுவும் மயிலாப்பூரிலேயே. வாயிலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, உணர்வால் விளக்கேற்றி, ஆனந்தத்தால் நீராட்டி, அன்பையே அமுதாக்கி வழிபட்டவர். தீச்செயல் இல்லை, வெளியில் தெரியும் செயலே அநேகமாக இல்லை. மந்திரப் பொருள் ஒன்றுகூட இல்லாததால் பத்துக்கு மேல் போகும் அபாயமும் இல்லை. வாளும் குதிரையும் இல்லாதது ஒன்றே குறை. கபாலீசுவரர் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. குருபூசை மார்கழி ரேவதியில். பகடை உருட்டுகிறவர்கள் கார்த்திகை மூலத்தில் வரும் மூர்க்கர் குருபூசைக்குத் திருவேற்காடு போய்விட்டு, அடுத்த மாதம் இங்கும் ஒரு நடை வந்து போகலாம்.