கடைத்தேங்காயும் டிரில் பாட்டரியும்

சுவரில் ஓட்டை போடப் பிறந்த டிரில் பாட்டரியை உருவி சைக்கிளில் மாட்டுகிறவனைப் பார்த்து வீட்டார் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பாவம், அவன்மேல் குற்றமில்லை. மின்சார சைக்கிள் குலத்தின் மூல புருஷரே இரவல் பேர்வழிதான்.

1881, பாரிஸ். குஸ்தாவ் துரூவே என்ற மகானுபாவர் இங்கிலாந்தில் செய்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைப் பிடித்தார். மோட்டார், சீமன்ஸ் உபயம். பாட்டரி, காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்த ஈய-அமிலச் சரக்கு. துரூவே தன் பங்குக்கு மோட்டாரைச் செதுக்கிச் சீர்செய்து, எல்லாவற்றையும் கட்டி, ஏப்ரலில் தெருவில் விட்டார். ஓடியே விட்டது! ஆனால் காப்புரிமை வாய்க்கவில்லை. வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கடைத்தேங்காய்க்கு எவன் பட்டா எழுதிக் கொடுப்பான்? மனிதர் அசரவில்லை. அடுத்த மாதமே மோட்டாரைப் படகில் மாட்டி சேன் நதியில் இறங்கிவிட்டார்.

பட்டா யோகம் அமெரிக்காவின் ஆக்டன் போல்டனுக்கு. 1895 டிசம்பர் 31 அன்று காப்புரிமை கைக்கு வந்தது. அதிகாரிகள் புத்தாண்டு குஷியில் இருந்தார்களோ என்னவோ. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், 10 வோல்ட் பாட்டரி, 100 ஆம்பியர் வரை மின்னோட்டம். பெருக்கினால் 1,000 வாட்! இன்றைய ஐரோப்பியச் சட்டமோ 250 வாட்டைத் தாண்டினால் அதைச் சாதாரண சைக்கிள் கணக்கில் சேர்க்காது.

அப்புறம் பெட்ரோல் வந்தது; சைக்கிள் குறட்டை விட்டது. பாட்டரி வம்சம் தச்சுப்பட்டறையில் வளர்ந்தது. 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் டிரில்லின் வயரை அறுத்து நிக்கல்-காட்மியம் பாட்டரி வைத்தது. 2005இல் மில்வாக்கி லித்தியம்-அயனுக்குத் தாவியது. சைக்கிள்காரனுக்கு மூக்கில் வியர்த்தது.

வியர்க்காதா? 18 வோல்ட் பெட்டிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக நிற்கின்றன. அதே ஐந்தின் உச்ச வோல்டேஜைச் சொல்லி '20 வோல்ட்' என்று விற்பது வியாபார சாமர்த்தியம். இரண்டு பெட்டியை சீரிஸில் கோத்தால் 36 வோல்ட். சைக்கிள் மோட்டாருக்கு அளவெடுத்துத் தைத்த கணக்கு. 5 ஆம்பியர்-மணி பெட்டிகள் என்றால் இரண்டும் சேர்த்து 180 வாட்-மணி.

ஒரே வில்லங்கம்: பல பிராண்டுகளில் 'தீர்ந்தது, நிறுத்து' என்று சொல்லும் புத்தி டிரில்லில் இருக்கிறது, பாட்டரியில் இல்லை. டிரில்லை விட்டுவிட்டு பாட்டரியை மட்டும் கடத்தினால், அது கர்ணனாகக் கடைசிச் சொட்டுவரை கொடுத்துச் செத்துப்போகும். ஆகவே, குறைந்த வோல்டேஜில் மின்சாரத்தை வெட்டும் கன்ட்ரோலரும் ஒரு ஃபியூஸும் கட்டாயம். அவற்றையாவது காசு கொடுத்து வாங்குங்கள். குலப் பெருமைக்கு அதனால் பங்கம் வராது.