யாழ்ப்பாணத்துக் காரும் அதன் அடித்தகடும்: ஒரு முதனிலை ஆய்வு

காரின் வயிற்றுக்கடியில் பூட்டியிருக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தகட்டைக் கராச்சில் ‘அண்டர் கவர்’ என்பார்கள். கல்லும் சேறும் எஞ்சினில் அடியாமல் காப்பது அதன் ஒரு தொழில். காற்றைத் தடங்கலின்றி அடியால் போகவிட்டு எரிபொருளை மிச்சம்பிடிப்பது மற்றது. இந்த இரண்டாந் தொழிலுக்கு யாழ்ப்பாணத்தில் வேலைவாய்ப்பு இல்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

தகட்டுக்கு முற்பட்ட காலம் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகியவற்றுடையது. அவற்றின் அடிப்பாகம் திறந்தே கிடந்தது. ஒழுகிய ஒயில்தான் அங்கே படிந்து, பண்ணைப் பாலத்து உப்புக்காற்றிலிருந்து இரும்பைக் காத்தது என்பது பழைய சாரதிமாரின் கொள்கை. மறுத்தவரை நான் சந்திக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்குப் புகைதான் கவலை, காற்றுத்தடை அல்ல.

2009க்குப் பின் ஏ-9 வீதியால் பிரியஸும் அக்குவாவும் வந்தன. மூன்றாந் தலைமுறைப் பிரியஸின் காற்றுத்தடைக் கெழு 0.25. அதற்காக யப்பானியப் பொறியியலாளர் காரின் அடிவரை குனிந்து உழைத்திருக்கிறார்கள். ஆனால் காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. மணிக்கு 100 கிலோமீற்றரில் உள்ள தடையில் ஆறிலொன்றுகூட 40இல் இல்லை. நகருக்குள் சட்டம் விதித்த எல்லை 50, கே.கே.எஸ். வீதியில் முன்னால் போகும் லான்ட்மாஸ்ரர் உழவு யந்திரம் விதிக்கும் எல்லை அதிலும் குறைவு.

ஆகவே இங்கே தகட்டின் எதிரி படலைவாசல்தான். காப்பெற் போட்ட வீதி உயர்ந்துவிட்டது, ஒழுங்கை பழைய மட்டத்திலேயே கிடக்கிறது. நிலத்திலிருந்து ஒரு சாணும் உயராத அக்குவா அந்த இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்த, ‘கிறீச்’ என்று கேட்கும். அக்கணம் உள்ளிருப்போர் அனைவரும் மூச்சை இழுத்துக்கொண்டு சீற்றிலிருந்து சற்றே எழும்புவது கவனிக்கத்தக்கது. இதனால் பாரம் குறையும் என்பதைப் பௌதிகவியல் ஏற்பதில்லை, பெரியம்மா ஏற்கிறார். மெய்யாகவே பாரத்தைக் குறைப்பதென்றால் ஆட்களை இறக்க வேண்டும். யாரை இறக்குவது என்பதை உடல் எடை தீர்மானிப்பதில்லை. புது மாப்பிள்ளை எவ்வளவு கனத்தாலும் இருக்கலாம்; அவருக்காகத் தகடு உரசலாம்.

ஒயில் மாற்றும்போதெல்லாம் தகடு கழற்றப்படும், கிளிப்புகள் குறையும்.

“கழட்டிப்போட்டு ஓடுங்கோ அண்ணை, இது ஹைவேக்குச் செய்தது.”

“மாரிக்கு எஞ்சினுக்க வெள்ளம் அடிச்சா ஆர் தம்பி பொறுப்பு?”

வழக்கு கேபிள் டையில் சமரசமாகும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிவிட்டாலும், காரில் உள்ளது எதையும் எறிய இன்னும் மனம் வருவதில்லை. கேபிள் டையும் கைவிட்ட தகடு கோடிப்புறத்தில் கோழிக்கூட்டுக்கு மூடியாகிறது. சோளகம் தொடங்கியதும் அது எழும்பி, வேலி தாண்டி, அடுத்த வளவுக்குள் போய் விழுகிறது. தகட்டுக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்புக்கு எமக்குக் கிடைத்த களச்சான்று இது ஒன்றே. மேலாய்வுக்கு அடுத்த வளவுக்காரர் தகட்டைத் திருப்பித் தரவேண்டும்.