கப்பலில் வந்த கலாச்சாரம்

ஆறு கல்யாணம் செய்துகொண்டு, அதில் இரண்டு மனைவிமாரின் தலையையும் வாங்கிய ஒரு மனிதர்தான், படுக்கையறையில் எது முறை, எது முறைகேடு என்று பாதி உலகத்துக்குப் பாடம் எடுத்தார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி. 1533-இல், ஆணும் ஆணும் கூடினால் தூக்கு என்று சட்டம் போட்டார். அதுவரை இது பாதிரிமார் கோர்ட்டு சமாசாரம். ஹென்றிக்கோ அப்போது போப்பாண்டவரோடு விவாகரத்துத் தகராறு. திருச்சபையின் அதிகாரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த வேகத்தில் இதையும் பிடுங்கிக்கொண்டார். குற்றவாளியின் நிலபுலன் பறிமுதல் என்ற ஷரத்தும் உண்டு. ராஜாக்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது கஜானா பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தச் சட்டத்தைப் பார்லிமென்டில் நிறைவேற்றிக் கொடுத்தவர் மந்திரி தாமஸ் கிராம்வெல். 1540 ஜூலை 28 அன்று வால்டர் ஹங்கர்ஃபோர்டு என்ற பிரபுவுக்கு டவர் ஹில்லில் தலை போயிற்று. ராஜ துரோகம், ராஜா எப்போது சாவார் என்று மந்திரவாதியிடம் குறி கேட்டது, அதோடு இந்தப் புதுக் குற்றமும். இந்தச் சட்டத்தில் மாட்டிச் செத்த முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு அவரோடு சேர்ந்து தலையைக் கொடுத்த இன்னொருவர் யார் தெரியுமா? அதே கிராம்வெல். ராஜா எங்கே என்று கேட்காதீர்கள், அவருக்கு அன்று ஐந்தாவது கல்யாணம்.

அப்படியே முன்னூறு வருஷம் தாண்டி நம் ஊருக்கு வருவோம். 1834 ஜூனில், இந்தியாவுக்குச் சட்டம் எழுத ஆங்கிலேயர் மெக்காலே மெட்ராஸில் வந்திறங்கினார். பீரங்கி மரியாதை எல்லாம் முடிந்ததும், கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஊட்டியில் இருக்கிறார் என்று பல்லக்குத் தூக்கிகளின் தோளில் மலையேறினார். அப்புறம் கல்கத்தாவில் உட்கார்ந்து 1837-இல் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட நகலை எழுதி முடித்தார். எதையும் உதாரணம் காட்டி விளக்காமல் விடமாட்டார் மனிதர். ‘ஏ’ என்பவர் ‘இசட்’டின் பொருளை எடுத்தால் எப்போது திருட்டு, எப்போது இல்லை என்று பக்கம் பக்கமாகப் போகும். இந்த ஒரு குற்றம் வந்தபோது மட்டும் பேனா நின்றுவிட்டது. இதைப் பற்றி ஊரில் விவாதம் வரும்படி ஒரு வார்த்தைகூட எழுத எங்களுக்கு விருப்பமில்லை என்று குறிப்பெழுதி ஒதுங்கிக்கொண்டார். பேசத்தான் கூச்சம், பதினாலு வருஷம் வரை உள்ளே போடக் கூச்சமில்லை.

நகல் இருபது வருஷத்துக்கு மேல் தூங்கிற்று. அது சட்டமானது 1860 அக்டோபரில். மெக்காலே அதற்கு முந்தின டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதில் இந்தக் குற்றம் என்ற குழந்தைக்குப் பிரிவு 377 என்று பெயர் வைத்தார்கள். ‘இயற்கையின் ஒழுங்குக்கு விரோதமான உடலுறவு’ என்று சொன்னதோடு சரி. இயற்கை எங்கே முடிகிறது, விரோதம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நீதிபதிகள் அடுத்த நூற்றைம்பது வருஷம் வழக்கு வழக்காகத் தேடினார்கள்.

பிறகு அது கப்பலேறிற்று. பர்மா, சிலோன், மலாயா, சிங்கப்பூர். ஆப்பிரிக்காவுக்குப் பெரும்பாலும் வேறு ரூட்டு: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தைத்த சட்டையை நைஜீரியாவுக்கும் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் போட்டுவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரன் கதை வேறு. 1791-இல் புரட்சிக்காரர்கள் புதுக் குற்றச் சட்டம் எழுதியபோது தெய்வநிந்தனை, சூனியம் முதலான மதக் குற்றங்களைத் தூக்கி எறிந்தார்கள். அந்தக் குப்பையோடு இதுவும் போயிற்று. தன்பாலீர்ப்பின் மேல் பாசம் ஒன்றும் இல்லை, பாதிரியார் மேல் இருந்த கோபம்தான். அதனால் வியட்நாமுக்கு இந்தச் சட்டம் வரவே இல்லை. நெப்போலியன் ஹாலந்தை விழுங்கியபோது டச்சுக்காரர்களும் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிவிட்டதால், இந்தோனேசியாவுக்கும் டச்சுக் கப்பலில் அது வரவில்லை. மலேசியாவில் சிறை, பக்கத்து வியட்நாமில் சட்டமே இல்லை என்றால், அதைப் பண்பாட்டு வித்தியாசம் என்று மேடையில் பேசுகிறவர்கள் துறைமுகத்தில் எந்தக் கொடி பறந்தது என்று விசாரித்துவிட்டுப் பேசலாம். இன்று தாய்லாந்து என்கிற சயாமை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் நாங்களும் நாகரிகம் உள்ளவர்கள்தான் என்று வெள்ளைக்காரனுக்குக் காட்ட, அவர்களே ஒன்று எழுதிக்கொண்டார்கள். 1956-இல் அதைத் தூக்கிப் போட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து அங்கே தன்பாலினத் திருமணமே நடக்கிறது.

பெண்கள் விஷயம் தனிக் கூத்து. 1921-இல் பெண்களையும் குற்றவாளிகளாக்க லண்டனில் ஒரு திருத்தம் வந்தது. பிரபுக்கள் சபை நடுங்கிப்போயிற்று. இப்படி ஒன்று இருப்பதே நம் பெண்களுக்குத் தெரியாது, சட்டம் போட்டு நாமே சொல்லிக் கொடுப்பதா என்று கேட்டுத் திருத்தத்தைக் கொன்றார்கள். இலங்கையில் அந்தப் பயமெல்லாம் இல்லை. ‘ஆண்’ என்று இருந்த பிரிவில் 1995-இல் ‘நபர்’ என்று திருத்திப் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆண் பெண் சமத்துவம் இவ்வளவு சுலபமாக வேறெங்கும் வந்ததில்லை.

வெள்ளைக்காரன் தன் வீட்டில் 1967-இல் இதைக் கழற்றினான், ஸ்காட்லாந்தில் 1980-இல். இங்கே 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கழற்றியதை 2013-இல் உச்ச நீதிமன்றம் திரும்ப மாட்டியது. 2018 செப்டம்பரில்தான், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு செய்வது குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகள் முடித்து வைத்தார்கள். உடனே ஒரு கூக்குரல்: ‘மேல்நாட்டுக் கலாச்சாரம் ஊடுருவுகிறது!’ விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவர்களின் குரல் அது. அதே வருஷம் ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே, காமன்வெல்த் தலைவர்கள் கூடியிருந்தபோது, இந்தச் சட்டங்களைப் பரப்பியதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார். உகாண்டா அசையவில்லை. 2023-இல் சில வகைகளுக்கு மரண தண்டனையைச் சொந்தச் செலவில் சேர்த்துக்கொண்டது. இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரீபியனில் உள்ள டிரினிடாடிலோ, 2018-இல் ஒரு நீதிபதி இந்த மாதிரிச் சட்டத்தை ரத்து செய்தார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பவும் உயிர் கொடுத்தது. பழைய காலனிச் சட்டங்களில் நீதிமன்றம் கைவைக்கக் கூடாது என்று அவர்கள் அரசியல் சாசனத்தில் ஒரு பாதுகாப்பு ஷரத்து இருக்கிறதாம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் டிரினிடாடுக்கு இன்னும் பிரிவி கவுன்சில்தான் கடைசிக் கோர்ட்டு. அது உட்கார்ந்திருப்பது லண்டனில், பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கு எதிர்ச்சாரியில்.