புகை இல்லை, பகை உண்டு!

கே: நீர்மின்சாரத்தில் புகையே இல்லையே, ஆற்றுக்கு அதனால் என்ன கேடு? – ஒரு வாசகர், பாகலூர்

ப: புகை இல்லைதான், ஆனால் மீனுக்குப் பகை உண்டு! 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம், உங்களுக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலை இயக்கியது, அது பெருமை. ஆனால் 1934-இல் அதே காவிரியில் மேட்டூர் அணை எழுந்தது. கீழே வெள்ளம் தணிந்தது. கடலிலிருந்து வெள்ளத்தில் ஏறிவந்து முட்டையிடும் உல்லம் மீன் அருகிப்போனது. வயலுக்குப் போகவேண்டிய வண்டல் அணைக்குள் படிகிறது. டர்பைன் சுழன்றால் தண்ணீர் பாய்கிறது, நின்றால் வற்றுகிறது. மீன் குஞ்சுக்கு மின்வாரிய அட்டவணை தெரியுமா? மின்சாரத்துக்குச் சூரியன், காற்று என்று மாற்று உண்டு. ஆற்றுக்கு மாற்று இல்லை. எனவே புதிய அணை பற்றிப் பேச்சு வந்தால், "எத்தனை மெகாவாட்?" என்பதற்கு முன்னால், "ஆற்றில் ஆண்டு முழுதும் எவ்வளவு தண்ணீர் விடுவீர்கள்?" என்று கேளுங்கள்.