எதுக்காவது ஆகும்

தருமபுரி மாவட்டத்தில் ஊருக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றும் ஊரானாலும் சரி, அரூர் பக்கம் புளி உலுக்கும் ஊரானாலும் சரி, அவர் இல்லாத ஊர் கிடையாது. மடித்துக் கட்டிய வேட்டி, காதில் பென்சில், சட்டைப் பையில் டெஸ்டர். உடைந்த ஹாக்ஸா பிளேடு, வளைந்த ஸ்போக்ஸ் கம்பி, கிழிந்த சைக்கிள் டியூப் என்று எது கண்ணில் பட்டாலும் குனிந்து எடுத்துவிடுவார். "எதுக்குங்க இது?" என்று கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். இந்த 'எதுக்காவது' சேர்ந்து சேர்ந்து, அவர் வீட்டுத் திண்ணையில் ஆள் உட்கார இடமில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

கடையில் காசு கொடுத்து வாங்கியதை அவர் சாமானாகவே மதிக்க மாட்டார். கத்தி வேண்டுமா? உடைந்த ஹாக்ஸா பிளேடைச் சாணைக் கல்லில் வைப்பார். இரண்டு இழுப்பு, உடனே தண்ணீரில் ஒரு முக்கு. மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு முக்கு. அவசரப்பட்டால் சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த பிளேடில் கூர் நிற்காது. கடைசியில் டியூபைக் கீறிப் பிடிக்குச் சுற்றினால் கத்தி தயார். அதை வைத்து ஒயர் சீவலாம், ஒட்டுக் கட்ட மாங்கன்றும் சீவலாம். உளி வேண்டுமென்றால் பழைய லாரிப் பட்டா. ஸ்பிரிங் இரும்பு, துவைச்சல் நன்றாக ஏறும் என்று கொல்லுப் பட்டறைக்கு அவரே தூக்கிப்போவார்.

மோட்டார் ஓடவில்லை என்று யாராவது கூப்பிட்டால் சீரிஸ் லாம்போடு வந்து நிற்பார். ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்தால் காயில் உயிரோடிருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். ஒயர் முனை இரண்டும் மொட்டையாக இருப்பதால், பெரியம்மா காய்ந்த கட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்பார்.

இவரிடம் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பழுதைச் சரிசெய்யும்போது இன்னொரு பழுது பிறக்கும். துருப்பிடித்த போல்ட் வரவில்லையென்றால், ஸ்பேனரில் மூன்றடி பைப்பைச் சொருகித் தொங்குவார். "வந்துருச்சு!" என்பார். வந்தது போல்ட்டின் தலை மட்டும். அதற்கும் வைத்தியம் உண்டு: மீதியிருக்கும் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்துத் திருகினால், சூட்டில் துருவும் இளகித் தண்டு வெளியே வந்துவிடும். பத்து நிமிஷ வேலை பொழுது சாய முடியும். ஆனால் முடிந்துவிடும்.

ஆயுத பூஜையன்று மொத்தச் சொத்தும் வாசலுக்கு வரும். பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வருவார்.

"இது என்ன கம்பி?"

"கம்பி இல்ல, பேரிங் கழட்டறது."

"எந்த பேரிங்கு?"

"அது இன்னும் கெடல."

வரிசையில் மூத்தது பாதாளக் கரண்டி. வளையம் நிறையக் கொக்கி. கிணற்றில் விழுந்த வாளியைக் கயிறு கட்டித் துழாவி எடுப்பதற்கு. இரவல் கேட்டு வருபவர் ஒரு செம்பாவது ஈடு வைத்துவிட்டுத்தான் கொண்டுபோவார். இன்று கிணறுகள் வற்றி, ஆயிரம் அடி போர் போடும் காலம். கரண்டி உத்தரத்தில் தொங்குகிறது, வாழைத்தார் மாட்ட. போருக்குள் விழுந்த பைப்பைக் கவ்வி எடுக்கப் புதுக் கொக்கி ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு என்றால் அவருக்கு உயிர். "நாயுடு வண்டியைப் பிரிச்சுப் பாத்துத்தானே எல்லாம் கத்துக்கிட்டாரு!" என்பார். "அவரு திரும்ப மாட்டுனாருங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

சிரிக்கலாம்தான். ஆனால் ஒகேனக்கல் பரிசலைப் பாருங்கள். மூங்கில் பின்னலுக்குமேல் தோல் போர்த்திய காலம் போய், பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன. பரிசல் அதே ஆற்றில் சுற்றுகிறது. கையில் கிடைத்ததை வைத்துக் காரியம் பார்ப்பது இந்த வறண்ட மண்ணின் பழக்கம். கம்பெனிக்காரர்களோ, யாரும் திறக்கக்கூடாதென்று செல்போனுக்கு ஐந்து முனைத் திருகாணி போடுகிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கு வழி காண மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தது. பெரியப்பா குழுவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பேரன் போனுக்காக ஸ்போக்ஸ் கம்பி நுனியை அரத்தால் ராவ உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் ஊர்ப் பெரியப்பாவிடமும் தைரியமாகக் கொடுங்கள். என்றைக்குத் தருவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கூலி வாங்க மாட்டார். மிஞ்சிய போல்ட்டையும் திருப்பித் தர மாட்டார்.