மாண்புமிகு டெலிகேட்

கண்டியில் வெயிலென்றும் பாராமல் கோட் போட்டு நடப்பவர்கள் மூன்று ரகம்: மாப்பிள்ளை, சட்டத்தரணி, மாதிரி ஐ.நா. டெலிகேட். முதல் இருவருக்கும் கோட் அளவாக இருக்கும். மூன்றாமவர் போட்டிருப்பது அண்ணனின் கல்யாணக் கோட். தோள் மடிப்பு முழங்கையை விசாரிக்கப் புறப்பட்டிருக்கும். கழுத்தில் நாடா, நாடாவில் அட்டை, அட்டையில் ‘பிரான்ஸ்’. அதை மாட்டிய பிறகு சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்பமாட்டான்.

வயது பதினேழு, உயர்தர வகுப்பு. அவன் போய் அமரும் குழுவுக்கு டிசெக் என்று பெயர். ஐ.நா. பொதுச்சபையின் முதலாவது குழுவைப் போலவே ஆயுதக் களைவையும் சர்வதேசப் பாதுகாப்பையும் பேசித் தீர்க்கும் இடம். அங்கே ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘இந்தப் பிரதிநிதி’ என்றுதான் சொல்லவேண்டும். மண்டபத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. “இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டா தம்பி?” என்று அம்மா கேட்டால், “டெலிகேட்டுக்குப் போதும்” என்று பதில் வருகிறது. வேறு யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்களோ என்று பாட்டி வாசலை எட்டிப் பார்க்கிறார்.

வரவு எடுக்கும்போது ‘ப்ரெசென்ட்’ என்று மட்டும் சொல்லலாம், ‘ப்ரெசென்ட் அண்ட் வோட்டிங்’ என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னவர் தீர்மானத்தின்மீது வாக்களிக்கும் நேரம் நடுநிலை வகிக்க முடியாது. நம்மாள் இரண்டாவதைத்தான் சொல்வான். காரணம் வெளியுறவுக் கொள்கை அல்ல. அதைச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மேடைப் பேச்சைவிட மேசைக்குக் கீழே நடக்கும் ராஜதந்திரம்தான் ருசி. துண்டுக் காகிதம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஈரானிடமிருந்து பிரான்ஸுக்கு அவசரத் தகவல் வருகிறது: “மச்சான், மாலு பணிஸ் முடியப்போகுது, காக்கஸ் கேளு.” பிரான்ஸ் காகிதத்தை மடித்துப் பையில் வைக்கிறது, டையைச் சரிசெய்கிறது, அட்டையை உயர்த்துகிறது. விண்வெளி ஆயுதப் போட்டி குறித்துப் பொது இணக்கம் காண்பதற்காகப் பதினைந்து நிமிடக் கலந்துரையாடலுக்குத் தலைமை அனுமதிக்க வேண்டும் என்று கணீரென்று கேட்கிறது. ஏகமனதாக நிறைவேறுகிறது. கண்டியில் பாணுக்கும் பணிசுக்கும் இத்தனை கௌரவமாக வேறு யாரும் வரிசையில் நின்றதில்லை.

அடுத்து தீர்மான வரைவு. முன்மொழிந்தவர்கள் பட்டியலில் பெயர் இருந்தால் புள்ளி கிடைக்கும் என்று ஒரு பேச்சு. ஆகவே ஐந்தே ஆண்டில் அணுகுண்டு அனைத்தையும் அழிக்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழிபவர்கள் பிரான்ஸ், ரஷ்யா, வட கொரியா! நிஜத்தில் 2017இல் அணுவாயுதத் தடை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தைப் பக்கம் இந்த மூவரில் ஒருவரும் தலைகாட்டவில்லை. இதற்கிடையில் தனக்குப் பிடிக்காத ஒரு வரியைப் பார்த்துக் கொதித்த ரஷ்யா ‘வீட்டோ’ என்று எழுந்து நிற்கும். அது பாதுகாப்புச் சபையில் மட்டும்தான் என்று தலைமை சொன்னதும், உட்கார்ந்து கைபேசியில் தேடும்.

இந்தக் கூட்டத்தில் மிகவும் பாவம், இலங்கை என்ற அட்டை கிடைத்த பிள்ளை. நாடு தெரிவு செய்யும் படிவத்தில் எல்லோரும் குண்டு வைத்திருக்கும் நாட்டைத்தான் கேட்கிறார்கள். இலங்கை கிடைத்தால் வீட்டில் துக்கம். அந்தப் பிள்ளை எழுந்து, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் தீர்மானத்தை 1971இல் பொதுச்சபைக்குக் கொண்டுபோனது சிறிமாவோவின் அரசுதான் என்று ஆரம்பிக்கும். அட்லாண்டிக் பக்கத்தில் ஒரு காதும் அதற்குத் திறந்திருக்காது. வரைவுக்குக் கையெழுத்துக் குறையும்போது மட்டும் அதைத் தேடிக்கொண்டு பெரிய நாடுகள் வரும்.

இத்தனைக்கும் இந்த ஊரில் ஜயந்த தனபால படித்திருக்கிறார். திரித்துவக் கல்லூரி, பிறகு பேராதனைப் பல்கலைக்கழகம். அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று தீர்மானிக்க 1995இல் நியூயோர்க்கில் கூடிய மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஒப்பந்தம் காலவரையின்றி நீடிக்கப்பட்டது, அதுவும் வாக்கெடுப்பே இல்லாமல். பின்னர் 1998 முதல் 2003 வரை ஐ.நா.வின் ஆயுதக் களைவு விவகாரங்களுக்கான துணைப் பொதுச்செயலாளர். வாக்கெடுப்பைத் தவிர்ப்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. நம்ம டெலிகேட்டுக்கோ வாக்கெடுப்பு இல்லாவிட்டால் கோட் போட்டதே வீண். அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், “எந்த நாட்டு டெலிகேட், அங்கிள்?” என்பான்.

மாலையில் வாக்கெடுப்பு. தன் தேசத்தின் கொள்கைப்படி பிரான்ஸ் எதிர்த்தாக வேண்டும். தன் பெயர் போட்ட தீர்மானத்தை எதிர்ப்பது எப்படி? நடுநிலைக்கும் வழியில்லை, காலையில் வாயைவிட்டாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அட்டையை உயர்த்துகிறான். உலகம் அணுவாயுதமற்றதாகிறது. கைதட்டல், குழுப் படம்.

வாசலில் அப்பா த்ரீவீலரோடு நிற்கிறார்.

“என்ன தம்பி, குண்டையெல்லாம் ஒழிச்சாச்சா?”

“தீர்மானம் பாஸாயிடுச்சுப்பா. ஆனா பெஸ்ட் டெலிகேட்ட வட கொரியாவுக்குக் குடுத்துட்டாங்க.”

“அடப்பாவமே! அப்ப அடுத்த வருஷம் நீயும் வட கொரியாவக் கேளேன்.”

“கேட்டாச்சுப்பா. அது கிடைக்கலன்னா பாகிஸ்தான்.”